சத்தம் அறுந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்

லேப்டாப்பில் பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர் யாராவது "நடுநடுவே சத்தம் அறுந்து போகுது, டிக் டிக்னு வருது" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். ஒன்று, "ராம் போடு". இரண்டு, "புது லேப்டாப் வாங்கு". மூன்று, கொஞ்சம் காசுள்ளவர் என்றால், "பேசாம மேக் வாங்கிடுங்க சார்".

இந்த மூன்று பதிலுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் உண்டு. மூன்றிலும் காசு உங்கள் பையிலிருந்து போகிறது. மூன்றிலும் சொன்னவர் எதையும் அளந்து பார்க்கவில்லை. இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்து, மாற்றல் மேல் மாற்றலாக இப்போது நாக்பூரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. வீட்டில் ஒரு பழைய கீபோர்டு, இரண்டு சேனல் ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று, ஏழு வயதான லேப்டாப் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் எதையாவது வாசித்துப் பதிவு செய்வது வழக்கம். என்னிடம் இருப்பது கணக்கு டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போகக்கூடாது என்கிற புத்தி மட்டும்தான். இந்த விஷயத்துக்கு அது போதும் என்பது என் வாதம்.

முதலில் அடிப்படை. சத்தம் அறுவது பலத்தின் பிரச்னை அல்ல, நேரத்தின் பிரச்னை. சி.டி. தரத்தில் ஒரு நொடிச் சத்தம் என்பது 44,100 சாம்பிள்கள். கம்ப்யூட்டர் அதை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை, கட்டுக் கட்டாக அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 128 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு கட்டுக்கு 2.9 மில்லி செகண்ட். அதாவது நொடிக்குச் சுமார் 344 தடவை, ஒவ்வொரு தடவையும் குறித்த நேரத்துக்குள் கட்டு போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரே ஒரு தடவை தாமதித்தால் அங்கே ஒரு ஓட்டை. அதுதான் உங்கள் காதில் விழும் "டிக்".

அந்தக் காலத்துக் கிளியரிங் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். செக்குகளைக் கட்டிப் பையில் போட்டு, சொன்ன நேரத்துக்குள் கிளியரிங் ஹவுஸில் கொடுக்க வேண்டும். உங்கள் கிளையில் நாற்பது பேர் வேலை செய்யலாம், எல்லோரும் சூரர்களாக இருக்கலாம். பை பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் அன்றைக்குத் தோல்விதான். "சராசரியாக நாங்கள் ரொம்ப வேகம்" என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

இப்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். "சி.பி.யூ. 25 சதவிகிதம்தான் ஓடுது, ஆனாலும் அறுகிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அது காட்டுவது ஒரு நொடியின் சராசரி, அதுவும் எல்லாக் கோர்களையும் சேர்த்து. மூன்று மில்லி செகண்டில் நடக்கும் விபத்து அதில் எப்படித் தெரியும்? இன்னொன்றும் உண்டு. ஒரு டிராக்கில் ஆறு பிளக்-இன் வரிசையாகப் போட்டால் ஒன்றின் வெளியீடுதான் அடுத்ததற்கு உள்ளீடு. வவுச்சர் கிளார்க்கிடமிருந்து ஆபீசருக்கும், ஆபீசரிடமிருந்து மேனேஜருக்கும் போவது மாதிரி. கிளையில் எட்டு பேர் சும்மா இருந்தாலும் அந்த ஒரு வவுச்சர் வேகமாக நகராது. எட்டுக் கோர் லேப்டாப்பில் ஏழு கோர் கொட்டாவி விட, ஒரு கோர் மட்டும் முழி பிதுங்கும். சராசரி என்னவோ அழகாகத்தான் இருக்கும்.

சரி, கட்டைத் தாமதப்படுத்துவது யார்? பல நேரங்களில் உங்கள் மியூசிக் சாஃப்ட்வேரே இல்லை. விண்டோஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. வை-ஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி, கார்டு ரீடர் எல்லாவற்றுக்கும். இவை அவ்வப்போது கையைத் தூக்கி "என் வேலையை முதலில் பார்" என்று கேட்கும். விண்டோஸும் மற்ற எல்லா வேலையையும் நிறுத்தி வைத்துவிட்டு அதைப் பார்க்கும். இப்படிப் பார்க்கப்படும் வேலைக்கு டி.பி.சி. என்று பெயர். மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மேனேஜர் எதிரில் நிற்கும் கஸ்டமரை அப்படியே விட்டுவிட்டு "யெஸ் சார், யெஸ் சார்" என்பாரே, அதே கதை. பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்தால் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் இழுத்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

ஒரு டி.பி.சி. 100 மைக்ரோ செகண்டைத் தாண்டக்கூடாது என்று டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எல்லோரும் அதைக் கேட்டு நடந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை. ஒரு வை-ஃபை டிரைவர் இரண்டு மூன்று மில்லி செகண்ட் பிடித்து வைத்துக்கொண்டால், 128 சாம்பிள் கட்டு மொத்தமும் அம்போ. இதற்கு நீங்கள் ராமை 8-லிருந்து 32 ஆக்கினாலும் போன் பேசுகிறவர் போனை வைக்கப் போவதில்லை. புது லேப்டாப் வாங்கினாலும் அதிலும் ஒரு வை-ஃபை இருக்கும், அதற்கும் ஒரு டிரைவர் இருக்கும்.

இனி, கோபத்தின் காரணம். போன வருஷம் ஒருவர் கிளைக்கு வந்தார். சின்ன மளிகைக் கடைக்காரர், மராத்திக்காரர். மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். கணபதி உற்சவத்துக்கு பஜனைக் குழுக்களுக்குப் பாட்டு ரெக்கார்ட் செய்து கொடுக்கிறான். சொந்தமாகச் சம்பாதிக்கும் முதல் காசு அது. சத்தம் அறுகிறது என்று ஒரு பெரிய கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழசாயிடுச்சு, 1,20,000 ரூபாயில் புதுசு எடுங்க" என்றாராம். அப்பா பர்சனல் லோன் கேட்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

1,20,000 ரூபாய், 12 சதவிகித வட்டி, 36 மாதம். மாதத் தவணை சுமார் 3,986 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,43,500. வட்டி மட்டும் 23,500 ரூபாய். ஒரு மளிகைக் கடையின் மூன்று வருஷச் சேமிப்பு, எதற்காக? எவனும் அளந்து பார்க்காத ஒரு "டிக்" சத்தத்துக்காக. பர்சனல் லோன் டார்கெட் எனக்கும் உண்டு, மறைப்பானேன். ஆனாலும், "சனிக்கிழமை சாயந்திரம் பையனை லேப்டாப்போடு அனுப்புங்க, அப்புறம் ஃபாரம் எழுதலாம்" என்றேன். (என் ரீஜனல் மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது ஒரு நிம்மதி :-))

பையன் வந்தான். "காகா, ராம்தானே?" என்றுதான் ஆரம்பித்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, விளைவை எழுது என்றேன். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில், சத்தம் எந்த ஜாதி என்று பார்த்தோம். நிற்காமல் "ம்ம்ம்" என்று கேட்டால் அது பெரும்பாலும் எர்த் சமாசாரம். சார்ஜரைப் பிடுங்கினால் பல சமயம் போய்விடும். உரத்துப் பாடும் இடத்தில் மட்டும் கரகரத்தால் லெவல் கூடிப்போய் உச்சியில் முட்டுகிறது. கெய்னைக் குறைக்க வேண்டியதுதான். சம்பந்தமில்லாத இடங்களில் டிக் டிக் என்றால்தான் நாம் பேசும் நோய். பையனுடையது மூன்றாவது.

அடுத்து, அதே பாட்டை ஃபைலாக ரெண்டர் செய்து கேட்டோம். சுத்தமாக இருந்தது. இந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும். ரெண்டர் செய்யும்போது கெடு நேரம் கிடையாது, மெதுவாகக்கூட முடிக்கலாம். அதில் சரியாக வருகிறது என்றால் கணக்கும் பிளக்-இன்களும் சரி, நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் கோளாறு என்று அர்த்தம். அந்தக் கடைக்காரர் ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் இது அவருக்கே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, டிரைவர். இண்டர்ஃபேஸ் தயாரித்த கம்பெனியின் ஆசியோ டிரைவரை அவன் போடவே இல்லை. விண்டோஸின் பொது டிரைவரில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டு வந்த ஏற்பாடு. நடுவிலிருக்கும் மேஜைகளைத் தவிர்த்துவிட்டு சாஃப்ட்வேரை நேராக இண்டர்ஃபேஸோடு பேச வைப்பது. தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசம். போட்டோம், பாதி குறைந்தது.

நான்காவது, பஃபர். 128-இலிருந்து 1024 வரை ஏற்றிப் பார்த்தோம். இன்னும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 1024 என்றால் 23 மில்லி செகண்ட். அதற்கும் மேலே எவனோ பிடித்து வைக்கிறான் என்பது தெரிந்துவிட்டது.

ஐந்தாவது, மின்சாரச் சிக்கனம். லேப்டாப் எப்போதும் தூங்கத் துடிக்கும் ஜீவன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்கினோம். யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினோம். இண்டர்ஃபேஸை மலிவு ஹப்பிலிருந்து கழற்றி லேப்டாப்பிலேயே நேராகச் செருகினோம்.

ஆறாவது, லேட்டன்ஸிமான் என்கிற சாஃப்ட்வேர். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பத்து நிமிஷம் ஓடவிட்டால் எந்த டிரைவர் எத்தனை மைக்ரோ செகண்ட் பிடித்து வைத்தது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். (பழைய டி.பி.சி. லேட்டன்ஸி செக்கரை நம்ப வேண்டாம். விண்டோஸ் 8-க்கு அப்புறம் அது காட்டும் எண் சரியில்லை.) பட்டியலின் தலைமாட்டில் நெட்வொர்க் சம்பந்தப்பட்ட டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வை-ஃபையை டிஸேபிள் செய்தோம். அமைதி! லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து புது வை-ஃபை டிரைவர் போட்டபின் வை-ஃபை இருந்தும் அறவில்லை. ஆனாலும் ரெக்கார்டிங் நேரத்தில் அணைத்துவிடு என்றேன். பாடும்போது வாட்ஸப் எதற்கு?

ஏழாவது, வெயில். மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச அறுதலும் மத்தியானத்தில் மட்டுமே வந்தது. நோட்டில் நேரமும் எழுதியதால்தான் இது பிடிபட்டது. நாக்பூர் மே மாத வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 45 டிகிரி இங்கே செய்தியே இல்லை. லேப்டாப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனுக்குள் தூசி ஒரு தலையணை அளவுக்கு. தெருமுனை ரிப்பேர்க்காரர் சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, 450 ரூபாய் வாங்கினார்.

ஆக மொத்தச் செலவு 450 ரூபாய். 256 பஃபரில் இப்போது நிம்மதியாக ஓடுகிறது. அது 5.8 மில்லி செகண்ட், சத்தம் காற்றில் இரண்டு மீட்டர் கடக்க ஆகும் நேரம். போகவும் வரவும் சேர்த்தால் இன்னும் கூடும்தான், ஆனாலும் பஜனைக்கு இது தாராளம்.

"எல்லாம் சரி, மேக் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்பார்கள். கோர் ஆடியோ நல்ல ஏற்பாடுதான், ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டரும் சிஸ்டமும் ஒரே கம்பெனி என்பதால் தொல்லை குறைவு. ஆனால் 2018-இல் வந்த மேக்புக்குகளில் யூ.எஸ்.பி. ஆடியோ அறுந்து போய், 2019-இல் 10.14.4 அப்டேட்டில்தான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. அந்த மேக்குகளை விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏழைகளும் இல்லை, ஏமாளிகளும் இல்லை. பழுது எந்தப் பெட்டியிலும் வரும். அளக்கத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த பெட்டி கொடுத்தால், விலையுயர்ந்த குழப்பம் கிடைக்கும்.

"நேரமும் காசுதானே, இரண்டு சனிக்கிழமையை யார் செலவழிப்பது?" என்று இன்னொருவர் கேட்பார். மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் ஸ்டூடியோக்காரர் கேட்டால் நியாயம். அவர் தாராளமாக வாங்கட்டும். அப்பாவின் பெயரில் லோன் போடப் போகும் மாணவனுக்கு இது பொருந்தாது. 450 ரூபாயும் இரண்டு சனிக்கிழமையும் ஒரு தட்டில், 1,43,500 ரூபாய் இன்னொரு தட்டில். பி.காம். கூட வேண்டாம் இதற்கு.

"விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டதே?" முடிந்துவிட்டது, உண்மை. நெட்டில் இருக்கிற, பேங்க் வேலை பார்க்கிற மெஷினுக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் அது பாதுகாப்புக் காரணம், சத்தக் காரணம் அல்ல. ஒரு தலைவலியைக் காட்டி இன்னொரு தலைவலிக்கு மருந்து விற்கக்கூடாது.

வாங்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பெரிய சாம்பிள் லைப்ரரி ஏற்றி, லேட்டன்ஸிமான் ஹார்ட் பேஜ்ஃபால்ட் எக்கச்சக்கமாகக் காட்டினால் ராம் போடுங்கள். இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், அது நல்ல முதலீடு. டிரைவரெல்லாம் ஒழுங்காக இருந்து, டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து, மிக்ஸிங் நேரத்தில் பஃபரை ஏற்றியும் ஒரு கோர் திணறினால் அப்போது புதுசு பாருங்கள். அளந்து, காரணம் தெரிந்து, அந்தக் காரணத்துக்கு மட்டும் செலவு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. "இந்த நாற்பது சர்வீஸை நிறுத்து, இந்த ஆப்டிமைசரைப் போடு" என்று பட்டியல் கொடுப்பவர்கள். நாற்பதையும் ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. வங்கியில் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். போட்டு வைக்கலாம், தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. நாற்பது மாற்றமும் சரி, புது லேப்டாப்பும் சரி, சஸ்பென்ஸில் போடுவதுதான். என்றாவது ஒருநாள் ஆடிட்டர் கேட்பார்.

உண்மையான குற்றவாளி லேப்டாப் விற்கும் கம்பெனிகள். ராம் எவ்வளவு, கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு, எடை எவ்வளவு, எல்லாம் பெட்டியின் மேல் இருக்கும். மோசமான தருணத்தில் இந்த மெஷின் எத்தனை மைக்ரோ செகண்ட் தாமதிக்கும் என்று எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சில்லறைக் கடன் கொடுக்கும்போது வட்டியை மட்டும் சொல்லிவிட்டு மற்றக் கட்டணங்களை ஒளித்து வைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எங்களைக் கேட்டது. 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும், மொத்த ஆண்டுச் செலவு விகிதத்தோடு. கடன் விற்கும் எங்களுக்கு இந்த ஒழுங்கு என்றால், அந்தக் கடனில் வாங்கப்படும் லேப்டாப்பை விற்பவருக்கு ஏன் கூடாது? இசைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்கிறவர்கள், விற்கும்போது உள்ள டிரைவர்களோடு அளந்த அந்த ஒரு எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கட்டும். அப்புறம் வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

கையில் இருக்கும் சாதாரண லேப்டாப்பில் ஒரு பையன் பஜனை ரெக்கார்ட் செய்து சம்பாதிக்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. முன்பு இதற்கு ஸ்டூடியோவும் முதலாளியும் வேண்டியிருந்தது. அந்தக் கதவை "பழசாயிடுச்சு" என்ற ஒற்றை வார்த்தையால் மூடுகிறவர், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், காசுள்ளவன் மட்டும் பாடினால் போதும் என்கிறார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது "புதுசு வாங்கு" என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த டிரைவர் பிடித்து வைக்கிறது? எத்தனை மைக்ரோ செகண்ட்? புது மெஷினில் அது இருக்காது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பதில் இருந்தால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுங்கள், அவர் விஷயம் தெரிந்தவர். இல்லையென்றால் பர்ஸை மூடிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.